மூணு நிமிஷ அக்காவின் கோரைப்பல்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. தருமபுரி மாவட்டத்தில் ஃபோன் வைத்திருந்த அத்தனை பேரும் ஒரே ஒரு குரலுக்கு அடங்கிப்போனார்கள். அது மூணு நிமிஷ அக்காவின் குரல்.

2. அக்காவுக்கு ஒரு பல் வலித்தது.

3. பல் டாக்டரிடம் நேரம் வாங்கினோம். அக்காவே டாக்டருக்கு ஃபோன் செய்து, அக்கா ஊரில் இல்லை என்று சொன்னார்.

4. மறுபடியும் நேரம் வாங்கினோம். அக்கா பஸ் ஏறினார். பஸ் டாக்டரைத் தாண்டி அதியமான்கோட்டைக்குப் போனது.

5. ஒரு புனிதையின் படம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது.

6. கன்னம் வீங்கியது.

7. பல் டாக்டரின் நாற்காலிக்குப் பக்கத்தில், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நான் நிற்க வேண்டிவந்தது.

இவற்றில் ஒன்றுகூட என் டிப்ளமா பாடத்திட்டத்தில் இல்லை.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, தருமபுரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாகச் சேர்ந்த புதிது. ட்ரங்க் போர்டில் எந்த வயர் அறுந்தாலும் அதை ஒட்டவைப்பது என் வேலை. அந்தப் போர்டுக்கு முன்னால் காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் அக்கா. இப்போது பெரிய ஊர்களில் எஸ்.டி.டி. பூத் வந்துகொண்டிருப்பதால் ஒரு வார்த்தை விளக்கிவிடுகிறேன். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். லைன் கிடைத்ததும் ஆபரேட்டர் இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைப்பார். மூன்று நிமிடம் ஒரு கால். மூன்று நிமிடம் முடிந்ததும் ஆபரேட்டர் நடுவில் புகுந்து, இன்னும் பேசுகிறீர்களா என்று கேட்பார்.

மற்ற ஆபரேட்டர்கள் இதை ஆங்கிலத்தில், மூக்கால், அரைத் தூக்கத்தில் கேட்பார்கள். அக்கா தமிழில் கேட்பார்.

"மூணு நிமிஷம் ஆச்சுங்க. நீட்டிக்கட்டுங்களா?"

நாங்கள் எல்லோரும் 'நிமிசம்' என்றுதான் சொல்வோம். அக்கா மட்டும் அந்த 'ஷ'வை, புது நோட்டில் போட்ட முதல் கோடு போலச் சுத்தமாகச் சொல்வார். அந்த ஒரு எழுத்தைக் கேட்டதும் எதிர்முனையில் அதட்டிக்கொண்டிருக்கும் அதிகாரியும் தணிந்துபோவார்.

சிக்கல் என்னவென்றால், ட்யூட்டி முடிந்து ஹெட்செட்டைக் கழற்றிவைத்த அக்கா, அந்த வாக்கியத்தைக் கழற்றிவைப்பதில்லை. கன்னியாஸ்திரி சிஸ்டர்கள் நடத்திய வேலைபார்க்கும் பெண்கள் ஹாஸ்டலில் அவரும் நானும் ஒரே அறை. முட்டை வேகவும் மூன்று நிமிடம், தலை வாரவும் மூன்று நிமிடம். தண்ணீர்க் குழாயடியில் பேங்க்கில் வேலைபார்க்கும் பெண்ணோடு ஒருநாள் வாளிச் சண்டை. இரண்டு பேரும் உச்சத்தில் இருக்கும்போது அக்கா திடீரென்று நிறுத்தி, "மூணு நிமிஷம் ஆச்சுங்க. நீட்டிக்கட்டுங்களா?" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சண்டை அதோடு கட்.

தாமதமாக வந்ததற்கு சிஸ்டர் எங்களை நிற்கவைத்துத் திட்டியபோதும் அதே கேள்வி. சிஸ்டரும் சளைத்தவர் இல்லை.

"நீட்டிக்கிறேன்" என்று சொல்லி இன்னொரு மூன்று நிமிடம் திட்டினார்.

அக்காவின் சட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மூன்று நிமிடத்துக்கு முன்னால் யாரும் ஃபோனை வைக்கக் கூடாது. எங்கள் ஊர் கம்பைநல்லூர். அங்கே எங்கள் வீட்டுக்கு எதிரில் ஒரு புளி மண்டி. மண்டிக்காரர் தினமும் சேலத்திலிருக்கும் தன் மச்சானுக்கு ட்ரங்க் கால் போடுவார். இருவருக்கும் ஏதோ மனத்தாங்கல். வியாபாரம் மட்டும் நடக்கும்.

"சரக்கு வந்துச்சா?"

"வந்துச்சு."

"சரி."

அக்கா நடுவில் புகுவார். "இன்னும் நேரம் இருக்குங்க. காசு குடுத்தாச்சு, பேசுங்க."

"பேச ஒண்ணுமில்லீங்கம்மா."

"தங்கச்சி எப்படி இருக்குதுன்னு கேளுங்க. வூட்ல புள்ளைங்க என்ன படிக்குதுன்னு கேளுங்க. அதக் கூடவா நான் சொல்லித் தரணும்?"

வேறு வழியில்லாமல் கேட்பார். மச்சானும் வேறு வழியில்லாமல் பதில் சொல்வார். அந்த வருடம் பொங்கலுக்கு மச்சான் குடும்பத்தோடு வந்து இறங்கியதை நானே எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தேன்.

அக்காவுக்கு நன்றி சொல்ல மண்டிக்காரர் எக்ஸ்சேஞ்சுக்கே வந்தார். அக்கா குள்ளம், ஒல்லி. எடைபோட்டால் பாதி கூந்தல்தான் இருக்கும். மண்டிக்காரர் அவரைத் தாண்டிப் பார்த்து, "அந்தப் பெரியம்மா எங்கீங்க?" என்று கேட்டார். அக்கா, "லைன்ல இருங்க" என்றார். அவ்வளவுதான். தோளில் கிடந்த துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியது.

இப்படிப்பட்ட அக்கா ஒருநாள் வறுத்த வேர்க்கடலை வேண்டாம் என்றார். மறுநாள் முறுக்கு வேண்டாம் என்றார். அடுத்த வாரம் மூன்று வேளையும் ராகிக் களியும் கீரைக் கடைசலும் போதும் என்று மெஸ்ஸில் சொல்லி அனுப்பினார். களியை மெல்லத் தேவையில்லை, விழுங்கினால் போதும். எனக்குப் புரிந்துவிட்டது.

"வாயைத் தொறங்கக்கா, பாக்கறேன்."

"நீ ஸ்க்ரூ டிரைவர வச்சுத் தொறக்கறதுக்கு இது போர்டா?"

போர்டு என்றதும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு காகிதத்தில் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, போர்டில் வயர் செருகும் ஜாக் துளைகள் போல வட்டம் வட்டமாகப் போட்டு, பென்சிலைக் கையில் கொடுத்தேன். "எந்த லைன்ல பழுது, காட்டுங்க." அதற்கு மட்டும் அக்கா மறுக்கவில்லை. மேல் வரிசை, வலது பக்கம், நடுவிலிருந்து மூன்றாவது. கோரைப்பல்.

பிறகு வைத்தியம் தொடங்கியது. கிராம்பு வைத்தார். உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். தீர்த்தமலைக்குப் போய் வந்த ஒரு தோழி கொண்டுவந்த தீர்த்தத்தை, "எந்த சாமி தண்ணியா இருந்தா என்ன, பல்லுக்கு மதம் கெடையாது" என்று வாங்கிக் கொப்பளித்தார்.

மெஸ் சமையல்காரம்மா, "அது பல்லுப் பூச்சி கண்ணு. பொகை போட்டாத்தான் விழும்" என்று அடுத்த வைத்தியத்தைக் கையில் எடுத்தார். கரி நெருப்பில் கண்டங்கத்திரி விதையைப் போட்டு, மேலே ஓட்டைக் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, ஓட்டையில் பப்பாளி இலைக் காம்பைச் செருகி, அதன் வழியாக அக்கா புகையை வாய்க்குள் இழுத்தார். பூச்சி விழவில்லை. அறை முழுக்கப் புகை சூழ்ந்து, தீ என்று நினைத்து சிஸ்டர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். நனைந்தது நான்.

நனைத்ததற்குப் பரிகாரமாக சிஸ்டர் ஒரு புனிதப் படத்தைக் கொடுத்தார். புனித அப்பொலோனியா, பல்வலிக்காரர்களின் பாதுகாவலி. அக்கா பக்தியோடு வாங்கிக் கட்டிலுக்கு மேலே மாட்டினார். மாட்டிய பிறகுதான் உற்றுப் பார்த்தார். புனிதையின் கையில் ஒரு குறடு. குறட்டின் வாயில் ஒரு பல்.

"எனக்காக வேண்டிக்கறவங்க கையிலயே குறடு இருந்தா, நான் யாருகிட்டம்மா போறது?"

படம் சுவர்ப்பக்கம் திரும்பியது. ஆனால் ஜெபத்தை நிறுத்தவில்லை. தினமும் அந்தப் படத்தின் முதுகைப் பார்த்து வேண்டிக்கொள்வார்.

அப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மருந்துக் கடை மாடியில் இளம் பல் டாக்டர் ஒருவர் புதிதாக வந்திருந்தார். நோயாளிகள் அதிகம் இல்லை. நான் ஃபோன் செய்து மாலை ஐந்து மணிக்கு நேரம் வாங்கினேன். அன்று மத்தியானம் போர்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு வயரை ஒட்டவைத்துக்கொண்டிருந்தேன். முன்பக்கத்திலிருந்து அக்காவின் ட்யூட்டிக் குரல் கேட்டது.

"டாக்டர், எக்ஸ்சேஞ்சுலேர்ந்து பேசறேங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்கு உங்ககிட்ட வர வேண்டிய பார்ட்டி ஊர்ல இல்லீங்க. கேன்சல் பண்ணிடட்டுங்களா?"

நான் போர்டின் பக்கவாட்டில் தலையை நீட்டினேன். "அக்கா, அந்தப் பார்ட்டி நீங்கதானே?"

"நான் ட்யூட்டியில இருக்கேன். ட்யூட்டியில நான் பார்ட்டி கெடையாது."

அடுத்த முறை அவருக்கு ட்யூட்டி இல்லாத நாளாகப் பார்த்து நேரம் வாங்கினேன். எனக்கு ட்யூட்டி. ஹாஸ்டல் வாசலில் டவுன் பஸ் ஏற்றி, பஸ் ஸ்டாண்டில் இறங்கச் சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் நான் திரும்பியபோது என் கட்டிலில் ஒரு பை நிறைய கொய்யாக்காய்.

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்ன சொன்னாரு?"

"அவரு ஒண்ணும் சொல்லல. மாடி ஜன்னல்ல நின்னு ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பாவமா இருந்துச்சு. பஸ்ஸுலேர்ந்து கையாட்டினேன்."

"எறங்கலையா?"

"பஸ் அதியமான்கோட்டை வரைக்கும் போவுது. டிக்கெட் வாங்கிட்டு நடுவுல எறங்கினா பாக்கி தூரம் வீணாப் போவாதா?"

அக்காவின் சட்டப்படி அது சரிதான். கொய்யாக்காயை அவரால் கடிக்க முடியவில்லை. நாங்கள்தான் சாப்பிட்டோம்.

பயம் வேண்டாம் என்பதற்கான காரணங்களைச் சொன்னேன். ஒன்று, ஊசி போட்டால் மரத்துவிடும். இரண்டு, வலி இப்போது இருப்பதைவிடக் குறைவுதான். மூன்று, விட்டுவைத்தால் சீழ் பிடிக்கும். நான்கைச் சொல்வதற்குள் மூன்று நிமிடம் ஆகிவிட்டது. அக்கா நீட்டிக்கவில்லை.

மூன்றாவது காரணம் நான் சொன்னபடியே நடந்தது. ஒரு திங்கட்கிழமை அக்கா வலது கன்னத்தில் எலுமிச்சம்பழத்தை அடக்கியது போல எழுந்தார். அப்படியே ட்யூட்டிக்கும் போனார். முதல் காலே கம்பைநல்லூர் மண்டி. மூன்று நிமிடம் முடிந்ததும் அக்கா எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் மண்டிக்காரர் சூப்பர்வைசருக்கு ஃபோன் செய்தார்.

"ஏங்க, போர்டுல யாரோ வாயில புளியங்கொட்டையப் போட்டுக்கிட்டுப் பேசறாங்க. நம்ம அம்மா லீவுங்களா?"

சூப்பர்வைசர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சொல்லும் விதத்தில் மெதுவாகச் சொன்னார். "அம்மா, சரியாவற வரைக்கும் ரெக்கார்டு ரூம்ல இருங்க. குரல் பழையபடி வந்தா மறுபடி போர்டு. வரலைன்னா அங்கயே பாத்துக்கலாம்."

ரெக்கார்டு ரூமில் பழைய பில் கட்டுகளும் ஒரு மின்விசிறியும் இருந்தன. இரண்டும் பேசாது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் அங்கே போனேன். அக்கா டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

"வலிக்கு பயந்து இப்படி ஆயிடுச்சு பாருங்கக்கா" என்றேன்.

"வலிக்கு யாருடி பயந்தா?" வீங்கிய கன்னத்தோடு வார்த்தைகள் கோணிக்கொண்டு வந்தன. "எங்க ஊருல மாட்டுக்கு லாடம் அடிக்கறவருதான் பல்லும் புடுங்குவாரு. எங்க பெரியப்பாவுக்கு முன்பல்லு ரெண்டு போச்சு. மாதா கோயில்ல பூசையில வாசகம் வாசிக்கறவரு அவருதான். அப்புறம் அவரு வாசிச்சா சின்னப் பசங்க சிரிக்கும். அடுத்த மாசமே வேற ஆளப் போட்டுட்டாங்க. பல்லு போனா சொல்லு போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க?"

நான் அவருடைய டிபன் பாக்ஸைத் திறந்துவைத்தேன்.

"என் மூஞ்சியப் பாத்து யாராச்சும் துண்டை எறக்கியிருக்காங்களா? இந்தக் குரலுக்குத்தான். அதுவும் போச்சுன்னா, நான் இந்தக் கட்டுங்களோட கட்டா இங்கயே கெடக்க வேண்டியதுதான்." பிறகு நேர்மையாகச் சேர்த்துக்கொண்டார். "வலிக்கும் பயந்தான். இல்லைன்னு சொல்லல."

எனக்கு அப்போதுதான் கணக்குப் புரிந்தது. நான் ஊசியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். பழுது வேறு லைனில் இருந்தது. இப்போது பல் இருந்தாலும் குரல் இல்லை. எடுத்தால் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். இதை அக்காவும் அறிவார். நாற்காலியில் உட்கார்ந்தபின் எப்போது முடியும் என்பது டாக்டர் கையில் இருக்கிறதே, அதுதான் அவரால் தாங்க முடியாதது. மாவட்டம் முழுவதும் பேச்சை நீட்டிப்பதும் வெட்டுவதும் அவர் கையில் அல்லவா இருந்தது?

"அக்கா, டாக்டரையும் ஒரு ட்ரங்க் கால்னு வச்சுக்கலாம். மூணு நிமிசம். முடிஞ்சதும் அவரு கையை வெளிய எடுத்துடணும். நீங்க ஒரு விரலைக் காட்டினா நீட்டிப்பு. நடுவுல எப்ப வேணும்னாலும் கையை மூடினா கட்."

அக்கா ஒரு விரலை நீட்டிப் பார்த்தார், கையை மூடிப் பார்த்தார். "ஆபரேட்டர் யாரு?"

"நான்தான்."

"நீயா? நீ நிமிசம்னு சொல்லுவ."

அரைமணி நேரம் எனக்கு 'ஷ' பயிற்சி நடந்தது. கன்னம் வீங்கிய அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. வீங்காத எனக்கு அது வரவில்லை. ரெக்கார்டு ரூமைத் தாண்டிப் போனவர்கள், உள்ளே இரண்டு பேர் யாரையோ விரட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அன்று மாலையே போனோம். மாடிப்படியில் அக்கா கொஞ்சம் நின்றார். நான் அவசரப்படுத்தவில்லை. டாக்டரிடம் எங்கள் ஒப்பந்தத்தை விளக்கினேன். அவர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். காத்திருப்பவர்கள் வேறு யாரும் இல்லாததாலோ என்னவோ, "சரிங்க, செய்யலாம்" என்றார்.

முதல் கால். டாக்டர் சின்னக் கண்ணாடியைக் கையில் எடுத்தார். அக்கா கையை மூடினார். கட்.

"இன்னும் வாயே தொறக்கலீங்களே?"

"லைன் கெடைக்கறதுக்கு முன்னாடியே கட் ஆவறது சகஜங்க டாக்டர்" என்றேன். "மறுபடி போடுங்க."

இரண்டாவது கால் நன்றாகக் கிடைத்தது. பார்த்துவிட்டு டாக்டர் கையை எடுத்துக்கொண்டார். "முடிஞ்சா காப்பாத்தலாம்னு நெனச்சேன். வேர் வரைக்கும் கெட்டுப்போச்சுங்க. வச்சிருந்தா பக்கத்துப் பல்லும் போகும். ஆனா இன்னிக்கு எடுக்கலை. வீக்கம் வடியட்டும். மாத்திரை தரேன். அடுத்த வாரம் வாங்க."

சமையல்காரம்மா ஏற்கெனவே பயமுறுத்தி வைத்திருந்ததை நினைத்துக்கொண்டு அக்கா என் காதில் முணுமுணுத்தார். அதை நான் டாக்டரிடம் கேட்டேன். "மேல்பல்லை எடுத்தா கண்ணு போயிடுங்களான்னு கேக்கறாங்க."

"போவாதுங்க. பல்லுக்கும் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

அந்த வாரம் முழுவதும் அதியமான்கோட்டைக்கு எந்தெந்த பஸ் போகிறது என்பதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். குறித்த நாளன்று அக்கா எனக்கு முன்னாலேயே கிளம்பி வாசலில் நின்றார்.

"நடந்தே போயிடலாம். பஸ்ஸ நம்ப முடியாது."

வீக்கம் வடிந்திருந்தது. நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும் மரியாதைக்காக அக்கா கேட்டார். "டாக்டர், திருநெல்வேலியில அம்மாவுக்கு முட்டிவலி கொறைஞ்சுதுங்களா?"

ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த டாக்டர் துள்ளித் திரும்பினார். "நீங்களா அது? தெனமும் சாயங்காலம் அம்மாவுக்குப் பேசறப்போ, 'சாப்பிட்டியான்னு கேட்டாச்சு, அவங்க சாப்பிட்டாங்களான்னு கேளுங்க'ன்னு என்னை மிரட்டறது நீங்கதானா?" ஒரு கணம் யோசித்தார். "அப்போ பார்ட்டி ஊர்ல இல்லைன்னு சொன்னது?"

"அது ட்யூட்டிங்க" என்று சொல்லி அக்கா வாயைத் திறந்தார்.

ஊசிக்கு ஒரு கால். அக்காவின் இடதுகை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது; வலதுகை விரித்தபடி மடியில் இருந்தது. மூடவில்லை. மரத்துப்போகக் காத்திருந்தது ஒரு கால், அதை நீட்டித்தார். பிறகு டாக்டர் குறட்டை எடுத்தார். புனிதையின் கையில் இருந்ததைவிடச் சின்னதுதான். டாக்டர் முன்னும் பின்னும் அசைத்தார். கோரைப்பல்லின் வேர் நீளம் என்று எங்கோ படித்திருக்கிறேன். அன்று கண்ணால் பார்த்தேன். டாக்டரின் நெற்றியில் வியர்வை. பல் பாதி இறங்கிவிட்டது. அதே நேரத்தில் கடிகாரத்தில் மூன்று நிமிடம் முடிந்தது.

ஆபரேட்டர் என்றால் ஆபரேட்டர்தான்.

"மூணு நிமிஷம் ஆச்சுங்க. நீட்டிக்கட்டுங்களா?" என்றேன். 'ஷ' சரியாக வந்துவிட்டது.

டாக்டர் அப்படியே உறைந்துவிட்டார். ஒப்பந்தப்படி கையை வெளியே எடுக்க வேண்டும். எடுத்தால் பாதிப் பல் அந்தரத்தில் நிற்கும். என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஒரு விரலைக் காட்டவில்லை. வாயில் குறட்டோடு, விழி பிதுங்க, இரண்டு விரலைக் காட்டி, "ஆ! ஆ!" என்று கத்தினார்.

"ரெண்டு கால் நீட்டிப்பு குடுத்திருக்காங்க டாக்டர். சீக்கிரம்."

அவ்வளவு தேவைப்படவில்லை. அடுத்த அசைப்பில் பல் தட்டில் விழுந்து மணி போலச் சத்தமிட்டது. டாக்டர் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு, கையைக் கழுவத் திரும்பினார். அக்கா என் மணிக்கட்டை இழுத்து, சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, டாக்டரைக் காட்டினார்.

எனக்குப் புரிந்தது. "டாக்டர், இன்னும் நேரம் இருக்காம். பேசச் சொல்றாங்க."

"என்ன பேசறது?"

அக்கா கையை அசைத்தார். அது உங்கள் பாடு என்று பொருள்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஃபோனில் அம்மாவோடு பேசுவதைத் தவிர வேறு யாரோடும் அதிகம் பேசியதில்லை என்றார். தான் எடுத்த கோரைப்பல் இதுதான் முதல் என்றார். கல்லூரியில் பேராசிரியர் பக்கத்தில் நிற்பார், இங்கே நிற்க யாரும் இல்லை என்றார். "நீங்க கையை மூடிடுவீங்களோன்னு எனக்குத்தாங்க பயம்" என்றார். அக்கா பஞ்சைக் கடித்தபடி, போர்டில் கேட்பது போலவே, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நேரம் முடிந்தபோது நான் எதுவும் சொல்லவில்லை.

புண் ஆறியதும் சூப்பர்வைசர் அக்காவை ஒருநாள் மட்டும் போர்டில் உட்காரவைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். அன்று காலை எனக்குப் போர்டில் எந்தப் பழுதும் இல்லை. இருந்தும் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடும், லைனைக் கேட்டுப் பார்க்கும் டெஸ்ட் ரிசீவரோடும் அதன் பின்னால் போய் உட்கார்ந்தேன். முதல் கால் கம்பைநல்லூர் மண்டி.

"சரக்கு ஏத்தியாச்சா?" என்று மண்டிக்காரர் மச்சானிடம் கேட்டார். பதில் வந்தது. பிறகு வழக்கம்போல வீட்டுக் கதை. மூன்று நிமிடம் ஆனது.

"மூணு நிமிஷம் ஆச்சுங்க."

அந்த 'ஷ' ஓட்டை வழியாக ஒரு சின்ன விசிலோடு வெளியே வந்தது.

"யாருங்க அது?" என்றார் மண்டிக்காரர். "புதுசா வந்த அம்மாங்களா?"

முன்பக்கத்தில் அக்கா ஹெட்செட்டில் கைவைப்பது, போர்டின் இடுக்கு வழியாகத் தெரிந்தது. கழற்றப்போகிறார் என்று நினைத்தேன். சூப்பர்வைசரும் அப்படித்தான் நினைத்தார், நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அக்கா ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டார்.

"புதுசுமில்ல பழசுமில்ல. நீங்க பாட்டுக்கு உங்க பையன் பரீட்சை கதையவே சொல்லிக்கிட்டு இருக்கீங்களே, அங்க தங்கச்சிக்குக் காய்ச்சல்னு அவரு ரெண்டு தரம் சொன்னாரு, காதுல விழுந்துச்சா? என்ன ஏதுன்னு கேளுங்க. நீட்டிக்கட்டுங்களா?"

"அட! நம்ம அம்மா!" மண்டிக்காரர் கத்தியது, ஹெட்செட் இல்லாத சூப்பர்வைசருக்கே கேட்டது. "இந்த மிரட்டலு வேற யாருக்குங்க வரும்? நீட்டிங்கம்மா, நீட்டிங்க!"

சூப்பர்வைசர் உட்கார்ந்தார். நான் எதையும் திருகாமல் எழுந்து போனேன்.

பிறகு டாக்டர் ஒரு பொய்ப்பல் செய்து கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டால் விசில் வராது. "வாயில யாரோ வாடகைக்குக் குடியிருக்கற மாதிரி இருக்குது" என்று அக்கா அதைக் கழற்றி, மருந்து டப்பாவில் போட்டு, அந்தப் புனிதப் படத்துக்குக் கீழே வைத்தார். படத்தை நேராகத் திருப்பியும் மாட்டினார். குறட்டோடு இப்போது அவருக்குப் பேச்சுவார்த்தை உண்டு.

எனக்கு ஓசூருக்கு மாற்றலாகிவிட்டது. மாதம் ஒருமுறை அங்கிருந்து தருமபுரி வழியாகக் கம்பைநல்லூர் மண்டிக்கு ட்ரங்க் கால் போட்டு, எதிர்வீட்டிலிருந்து என் அம்மாவைக் கூப்பிடச் சொல்வேன். அம்மாவுக்கு ஃபோன் என்றாலே பதற்றம். "நல்லாருக்கேன், நீ நல்லாரு, காசு போவுது, வெச்சிடறேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுவார்.

இன்றைய நிலவரம் இதுதான். டாக்டரின் மாடிப்படியில் இப்போது வரிசை நிற்கிறது. அக்காவுக்குக் கோரைப்பல் இல்லை, போர்டு இருக்கிறது. அம்மா வைத்த பிறகு, "இன்னும் நேரம் இருக்குது, பேசு" என்று ஒரு விசில் கேட்கும். நான் வைப்பதில்லை.